பிரேமாவதியின் கொடியும் சுகுமாரனின் கிளியும்

உலகத்தில் எதை எதோடு ஒப்பிடுவது என்று ஒரு முறை வேண்டாமா? நான் வீசிப் போடுகிற ரொட்டி சானாயை எதிர்க்கடை ரொட்டி சானாயோடு ஒப்பிடுங்கள், ஒத்துக்கொள்கிறேன், ஜெயிக்கப்போவது நான்தான். ஆனால் ஒரு செடியையும் ஒரு கிளியையும் எதிரெதிரே நிறுத்தி, இதில் எது உசத்தி என்று தலை நரைத்த இரண்டு பேர் மாதக்கணக்காக வாதாடினால் அதற்கு என்ன பெயர் வைப்பது? அந்தக் கூத்து முழுக்க எங்கள் பீடோங் ஊரில் என் சாப்பாட்டுக் கடையில்தான் நடந்தது. நான் காஜா மைதீன்; ஊருக்கு 'நானா', அதாவது அண்ணன். எனக்குப் பொறுமையே கிடையாது என்று என் மனைவி ஷம்சியா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொறுமை இல்லாதவன் எப்படி இதையெல்லாம் இருந்து பார்த்தான் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

செடிக் கட்சி பிரேமாவதி. என் கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் மேசை போட்டு மாலை, உதிரிப்பூ, வெற்றிலை, கற்பூரம் விற்கிறவள். செமிலிங் போகிற வழியில் இருந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு பால் வெட்டப் போனாள். செம்பனைக் குலை அறுக்கிற காளிதாசனைக் கட்டினாள், ரூபினியைப் பெற்றாள். ஒரு மத்தியானம் வேலையிலிருந்து வந்து சோற்றில் கை வைத்த காளிதாசன் அப்படியே சாய்ந்துவிட்டான். நெஞ்சுவலி. அதற்கப்புறம் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனது, அவளுக்கு நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட் கிடைத்தது. சட்டி பானையெல்லாம் மாடி ஏறின. ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு வேர் மட்டும் என் கடைக்கு வந்தது.

"நானா, கடைக்குப் பின்னாடி கொஞ்சம் மண்ணு இருக்குல்ல? இத மட்டும் வச்சிக்கிறேன்" என்றாள்.

வெற்றிலைக் கொடி. என்ன பெரிய விஷயம், வைத்துக்கொள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பின்கட்டில் அவள் சட்டம்தான். கோழி கழுவிய தண்ணீர் அந்தப் பக்கம் ஓடக் கூடாது. மீன் கழுவிய தண்ணீர் அந்தத் திசையைப் பார்க்கவே கூடாது. கொடிக்குப் பக்கத்தில் செருப்போடு போகக் கூடாது. அவளைத் தவிர யாரும் இலை கிள்ளக் கூடாது. அவளும் குளிக்காமல் தொடமாட்டாள். மேசையில் விற்கிற வெற்றிலை மொத்தக் கடையிலிருந்து வருவது. இந்தக் கொடியின் இலை கோயிலுக்கும் நல்ல காரியத்துக்கும் மட்டும்தான். என் கடை, என் மண், என் தண்ணீர். நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன். எவ்வளவு அநியாயம் பாருங்கள்.

கிளிக் கட்சி சுகுமாரன். தஞ்சோங் டாவாயிலிருந்து நெத்திலியும் கருவாடும் லாரியில் கொண்டுவந்து கடைகடையாகப் போடுகிறவன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொள்வதிலேயே வயசு போய்விட்டது. குணம் தங்கம். ஆனால் பறவைப் பைத்தியம். லாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு தொலைநோக்கி தொங்கும். சுங்கை மெர்போக் கரையில் லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பான். இங்கே நான் சம்பால் தொக்குக்கு நெத்திலி இல்லாமல் கத்திக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் மாசி மாதம், கை கழுவப் பின்கட்டுக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். அங்கே ஒரு முள்முருங்கை மரம் இருக்கிறது. இலையெல்லாம் கொட்டி, செக்கச்செவேல் என்று பூத்திருந்தது. அந்தப் பூவில் தலைகீழாகத் தொங்கியபடி ஒரு குட்டிக் கிளி தேன் குடித்துக்கொண்டிருந்தது. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம்தான் பெரிசு. உடம்பெல்லாம் பச்சை, உச்சந்தலையில் நீலப் பொட்டு, அலகுக்கு அடியில் தொண்டையில் ரத்தச் சிவப்பு.

"இதான் செரிண்டிட்" என்று மலாய்ப் பெயரைச் சொன்னான், குரலே மாறிப்போயிருந்தது. "தூங்கும்போதுகூட தலைகீழாத்தான் தொங்கும். பாக்க இலை மாதிரியே இருக்கும். இங்க பாருங்க பிரேமா, உங்க வெத்தலை மாதிரியேதான். பச்சை உடம்பு, சிவந்த வாய்."

பிரேமாவதி கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வெத்தலையப் போட்டா நம்ம வாய் செவக்கும். உங்க கிளி தன் வாயத்தானே செவப்பாக்கி வச்சிருக்கு, சுகு அண்ணே? அதால யாருக்கு என்னா லாபம்?"

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார்கள். லாரி வருகிற நாளெல்லாம் இதே கச்சேரி. கொடி மேலே ஏறுகிறது, உங்கள் கிளி கீழே தொங்குகிறது என்பாள் இவள். மேலே ஏறக் கொடிக்கு ஒரு மரம் வேண்டும், கிளிக்கு இரண்டு சிறகு போதும் என்பான் அவன். தேன் குடித்துவிட்டு ஓடிப்போகிற ஜாதி என்பாள். எங்கே போனாலும் பூக்கிற நேரத்துக்கு அதே மரத்துக்குத் திரும்பி வருகிறதே என்பான்.

"கூண்டுல போட்டா வாடிரும், பிரேமா. உங்க கொடியப் பிடுங்கி வேற எடத்துல வச்சா வாடற மாதிரி. அதுல ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் ஒரு நாள்.

"என் கொடி வாடல. என்னோட வந்துச்சு" என்றாள் அவள்.

சுகுமாரன் அதற்குப் பதில் தேடிக்கொண்டே தே தாரிக் டீயை ஆறவிட்டான். நான் போடுகிற தே தாரிக்கை ஆறவிடுகிறவனை எனக்குப் பிடிக்காது.

"ரெண்டு பேருக்கும் மூளை பெசகிப் போச்சு. எந்நேரமும் கிளி, கொடி" என்று ஷம்சியாவிடம் அலுத்துக்கொண்டேன்.

"அவங்க கிளியப் பத்தியா பேசுறாங்க?" என்றாள் அவள்.

"பின்ன?"

"உங்களுக்கு ரொட்டி வீசத்தான் தெரியும். போங்க, அடுப்பப் பாருங்க."

தீபாவளி முடிந்த வாரம் எனக்கும் புரிந்துவிட்டது. சுகுமாரன் நெத்திலி மூட்டையை இறக்கிவிட்டு நேராகப் பூமேசைக்குப் போனான். கல்லாவில் இருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, விழுந்தது.

"பிரேமா, நீங்களும் தனியா இருக்கீங்க, நானும் தனியா இருக்கேன். நாம கட்டிக்கிட்டா என்னா?"

அவள் தலை நிமிராமல் மாலை கட்டிக்கொண்டே இருந்தாள். "யோசிச்சு சொல்றேன்" என்றாள். அதற்கப்புறம் அவள் அவனை 'சுகு அண்ணே' என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை. "இந்தாங்க", "அங்க பாருங்க" என்று மொட்டையாகவே பேசி ஓட்டினாள். இதையும் ஷம்சியாதான் எனக்குக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

மகள் ரூபினி கூலிமில் தொழிற்சாலை வேலை. அவளுக்கு விஷயம் போனதும், "அம்மா, ஓகே சொல்லுங்க லா. இன்னும் எத்தன நாளைக்கு தனியா சமைச்சு தனியா சாப்புடுவீங்க?" என்று போனில் கத்தியது அஞ்சடி முழுக்கக் கேட்டது. மகள் சம்மதம், ஊர் சம்மதம், நானும் சம்மதம். இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"கொடி வச்சுப் பாக்கணும், நானா."

கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி அவள் அம்மா வீட்டில் ஒரு வழக்கம். நல்ல காரியம் என்றால் வெற்றிலைக் கொடியிலிருந்து ஒரு துண்டு கிள்ளி, ஒரு மரத்தடியில் புதிதாக நடுவது. சொன்ன கெடுவுக்குள் கொடி ஏறி, மரத்தில் முதல் கிளை பிரிகிற கவையைத் தொட்டால் சரி. நடுவில் கெட்டுப்போனால் அந்தக் காரியம் வேண்டாம். காளிதாசனுக்கு அவளைக் கொடுத்தபோதும் அப்படித்தான் பார்த்தார்களாம். இப்போது முள்முருங்கை அடியில் ஒரு துண்டு நட்டு, சித்திரை பிறப்பதற்குள் என்று கெடு வைத்துவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! "சாமிகிட்ட கேளு, பெத்த புள்ளகிட்ட கேளு, வேணாம்னா வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லு. ஒரு நல்ல மனுஷனப் போயி செடிகிட்ட பரீட்சை எழுத விடுறியே, இது அடுக்குமா?" என்று கத்தினேன்.

"எனக்குப் பயமா இருக்கு, நானா. ஒரு தடவ சோத்துத் தட்டுக்கு முன்னாடி ஒருத்தர விட்டுட்டேன். எனக்கு யாராச்சும் சொல்லணும்" என்றாள். நான் உள்ளே போய்விட்டேன்.

ஆனால் ஒன்று. அரிசி கழுவிய தண்ணீரை அந்தக் கொடிக்கு யாருக்கும் தெரியாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வாளியோடு போனால் ஷம்சியா அங்கே இன்னொரு வாளியோடு நிற்கிறாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஊற்றினோம். சுகுமாரன் மட்டும் ஒரு கை தண்ணீர் ஊற்றவில்லை. லாரி வருகிற நாளெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு, தள்ளி நின்று கொடியைப் பார்த்துவிட்டுப் போவான். தான் தொட்டால் அது கள்ளாட்டம் ஆகிவிடும் என்றான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆள்.

தைப்பூச வியாபாரமெல்லாம் முடிந்து, வெயில் கொளுத்தத் தொடங்கியது. முள்முருங்கை மறுபடி பூத்தது. கொடி கவைக்கு ஒரு முழம் கீழே வந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் வாய்விட்டுச் சொல்லாமல் சந்தோஷமாக இருந்தோம். அப்போதுதான், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, பிரேமாவதி காலையில் பின்கட்டிலிருந்து வெளுத்த முகத்தோடு வந்தாள். கையில் ஒரு வெற்றிலை. விளிம்பிலிருந்து நீள நீளமாக, கத்தரிக்கோல் போட்ட மாதிரி கீற்றுக் கீற்றாக அறுக்கப்பட்டிருந்தது.

"நானா, உங்க அடுப்படி ஆளுங்க யாராச்சும் வெளையாடுறாங்களா?"

"என் ஆளுங்களா? அவனுங்களுக்கு வெங்காயம் அறுக்கவே கை வராது, உன் வெத்தலையவா அறுக்கப் போறானுங்க? முப்பது வருஷக் கடை இது! எவன் மேல பழி போடுற?" என்று நான் குதித்த குதியில், சாப்பிட்டுக்கொண்டிருந்த பேங்க் ஆட்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்கள்.

அடுத்த நாளும் இலை அறுந்தது. அதற்கடுத்த நாளும். பக்கத்திலேயே இருந்த பழைய கொடியில் ஒரு கீறல் இல்லை. மரத்தில் ஏறின புதுக்கொடி மட்டும்தான் கந்தலாகிக்கொண்டிருந்தது. நுனித் துளிரும் போய்விட்டது. பிரேமாவதி யாரையும் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

லாரி வந்தது. அவளே எழுந்து போய் அவனிடம் சொன்னாள். "கொடி வேணாங்குது. ரூபினி அப்பாவுக்கு மனசில்ல போல. நீங்க மனசுல வச்சிக்காதீங்க."

சுகுமாரன் மூட்டையைத் தோளில் வைத்தபடியே கேட்டுக்கொண்டான். தலையை ஆட்டினான். மூட்டையை இறக்கினான், போனான். அடுத்த தடவை லாரியை வேறு ஆள் ஓட்டி வந்தான். பிரேமாவதி லாரிச் சத்தம் கேட்டு எழுந்தவள், ஆளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து பூவைத் தொடுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் கட்டிய மாலையெல்லாம் ஒரு பக்கம் சரிந்திருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. அவர்களுக்காகப் பாதி, என் அடுப்படிக்கு வந்த கெட்ட பேருக்காகப் பாதி. எவன் அறுக்கிறான் என்று பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினேன். விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, அடுப்பை ஷம்சியாவிடம் விட்டுவிட்டு, பின்கட்டில் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தேன். கையில் தோசைக் கரண்டி. எவனாவது வந்தால் ஒரு போடு போடுவது என்று ஏற்பாடு.

வந்தான். இல்லை, வந்தாள். முள்முருங்கைப் பூவில் தேன் குடித்துக்கொண்டிருந்த ஜோடியில், தொண்டையில் சிவப்பு இல்லாத ஒன்று கொடிக்குத் தாவியது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வெற்றிலையின் விளிம்பை அலகால் நறுக் நறுக்கென்று கடித்து, ஒரு நீளக் கீற்றை உரித்தது. உரித்த கீற்றை, கழுத்தைத் திருப்பி, வாலுக்கு மேலே இருந்த சிவப்பு இறகுக்குள்ளே செருகியது. மறுபடி ஒரு கீற்று, மறுபடி செருகல். பிறகு கீச்சென்று கத்திக்கொண்டு, வேலிக்கு அந்தப்பக்கம் பட்டுப்போய் நிற்கிற தென்னை மரத்தின் பொந்துக்குள் நுழைந்துவிட்டது.

யா அல்லாஹ்! வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்களே, இதுதான். எந்தக் கிளியை இவன் தலையில் தூக்கி வைத்து ஆடினானோ, அந்தக் கிளியே இவன் கல்யாணத்தை இலை இலையாக அறுத்துக்கொண்டிருக்கிறது. கரண்டியும் கையுமாக நான் சிரித்த சிரிப்பில் ஷம்சியா பயந்து ஓடி வந்தாள்.

உடனே சுகுமாரனுக்குப் போன் போட்டேன். முழுக்கச் சொன்னேன். கடைசிவரை கேட்டான். அப்புறம் மெதுவாக, "பொட்டையா, நானா? கீத்த வால் பக்கம் செருகுச்சா?" என்றான்.

"அடப் பாவி! அது உன் கல்யாணத்த அறுக்குது, நீ ஆணா பொட்டையான்னு விசாரிக்கிறியே!"

"கூடு கட்டுதுன்னு அர்த்தம், நானா" என்றான். குரலில் சந்தோஷமா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் லாரி இல்லாமல் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். பின்னால் ஒரு மூட்டை; தஞ்சோங் டாவாய் மீனவர்களிடம் வாங்கின பொடிக்கண் வலை. பிரேமாவதியைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, அவனே விஷயத்தைச் சொன்னான்.

"உங்க கிளியா?" என்றாள் அவள். முகம் சிவந்துவிட்டது. "நான் அவருக்குத்தான் மனசில்லன்னு ராவெல்லாம் அழுதேன். உங்க கிளியா?"

"ஆமா பிரேமா. கொடி வேணாங்கல. அது ஏறத்தான் பாத்துச்சு. வலை போட்டு மூடிட்டா மறுபடி துளிர் விட்டு ஏறிரும். சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கு."

அவன் செருப்பைக் கழற்றினான், ஏணியைச் சாத்தினான், ஏறி மரத்தைச் சுற்றி வலையைக் கட்ட ஆரம்பித்தான். கட்டி முடிக்கிற நேரத்துக்குப் பெட்டைக்கிளி வந்துவிட்டது. வலையில் முட்டியது. சுற்றிப் பறந்து அந்தப் பக்கம் முட்டியது. அப்புறம் வலையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, கண்ணி வழியாக உள்ளே இருக்கிற இலையைப் பார்த்துக் கத்தியது. தென்னையிலிருந்து ஆண்கிளி பதில் கத்தியது. சுகுமாரனின் முகத்துக்கும் அதற்கும் ஒரு கை தூரம்தான். அந்தப் பறவைக்காக லாரியை நடுரோட்டில் நிறுத்துகிற மனுஷன், அன்றைக்கு அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு முடிச்சை இறுக்கினான்.

பிரேமாவதி கிளியைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுத்துருங்க" என்றாள்.

"என்னா?"

"வலைய அவுத்துருங்க."

"அவுத்தா கொடி..."

"அவுத்துருங்க, சொல்றேன்ல."

அவன் ஒரு பக்கத்து முடிச்சை அவிழ்த்து வலையைத் தூக்கிப் பிடித்தான். கிளி ஒரு நொடி யோசித்தது. ஆள் நிற்கிறானே என்று கவலைப்படாமல் உள்ளே போய்விட்டது. கூடு கட்டுகிற அவசரம், பாவம். நறுக் நறுக்கென்று ஒரு கீற்றை உரித்தது, கழுத்தைத் திருப்பி இடுப்பில் செருகியது.

"மடியில முடிஞ்சிக்குது, பாருங்க" என்றாள் பிரேமாவதி, சின்னக் குரலில். "கல்யாண வீட்டுல பொம்பளைங்க வெத்தலைய இடுப்புல சொருகிக்குவாங்களே, அப்படியே."

கிளி பறந்து பொந்துக்குள் போகும்வரை நாங்கள் யாரும் அசையவில்லை.

"எங்க வீட்டுல வெத்தலை மாத்தினா நிச்சயம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றாள் அவள். "நான் கவைய அளந்துக்கிட்டு இருந்தேன். இந்தக் கொடி நமக்கு முன்னாடியே ஒரு ஜோடிக்கு வெத்தலை குடுத்து, குடித்தனம் வச்சிருச்சு. இதவிட என்னா பதில் சொல்லணும் அது?"

சுகுமாரன் நல்லவன், ஆனால் விளங்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஏணியில் நின்றபடியே, "அப்ப சித்திரைக்குள்ள கவையத் தொடலன்னா?" என்று கேட்டான்.

"ஏங்க, நீங்க மொதல்ல எறங்கி வாங்க" என்றாள்.

ஷம்சியா என் கையை நறுக்கென்று கிள்ளினாள். எனக்கும் காதில் விழுந்தது. மாதக்கணக்காக ஒரு பெயரும் இல்லாமல் நின்றவனை, பெண்சாதி புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி 'ஏங்க' என்று கூப்பிட்டுவிட்டாள். அவனுக்கு அது ஏணியின் கடைசிப் படியில்தான் உறைத்தது போல. அந்தப் படியைத் தவறவிட்டு அரிசிக்கழுநீர் வாளிக்குள் காலை வைத்தான்.

பிரேமாவதி கொடியில் முழுசாக மிச்சமிருந்த இலைகளில் நல்லதாக ஒன்று கிள்ளினாள். மேசையிலிருந்து பாக்கும் சுண்ணாம்பும் எடுத்து வந்து, தடவி மடித்து அவன் கையில் கொடுத்தாள். வாழ்நாளில் வெற்றிலை போட்டுப் பழக்கமில்லாதவன். வாயில் போட்டு மென்றான், காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. வேறு எதற்காகவாவது வந்திருக்கலாம், எனக்கும் வந்தது. உதடு, பல், மோவாய் எல்லாம் ஒரே சிவப்பு. பச்சைச் சட்டை வேறு போட்டிருந்தான்.

பிரேமாவதி அவனை மேலும் கீழும் பார்த்தாள். அப்படி வாய்விட்டு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"இப்ப ஒத்துக்கிறேன். உங்க கிளியும் என் கொடியும் ஒண்ணுதான்" என்றாள்.